கல்லாய்ச் சமைந்த கூரை

பாகூர், புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, கடலூரை நெருங்கும் வயல்வெளியில் அமைந்த பழமையான ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டிலேயே இவ்வூரில் வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையம் இயங்கியதையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதையும் கூறுகிறது. ஊரின் நடுவே நிற்கும் மூலநாதர் கோயில், 10ஆம் நூற்றாண்டின் சோழர் கலைமரபைச் சார்ந்தது. அதன் சுவர்களில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைக் ‘கன்னரதேவன்’ என்று குறிக்கும் கல்வெட்டுகளும் உள்ளன. 949இல் தக்கோலப் போரில் சோழரை வென்ற அம்மன்னனின் ஆட்சி, தொண்டை நாட்டைக் கடந்து இப்பகுதிவரை பரவியிருந்ததை அவை காட்டுகின்றன.

கல்வெட்டுகளைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். ஆனால் அக்கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் சுவரையே ஓர் ஏடாகப் படிக்க இயலும். அதற்குக் கற்றறிந்த வல்லுநராக இருக்க வேண்டியதில்லை; கூரை வீடு ஒன்றைக் கூர்ந்து பார்த்திருந்தால் போதும். ஒருவகையில், நகரத்து மாணவரைவிடச் சிற்றூர் மாணவருக்கே இந்தப் படிப்பு எளிது.

சுவரைப் படித்தல்

சோழர் காலக் கோயில் ஒன்றின் புறச்சுவரைக் கீழிருந்து மேலாகக் காண்போம். தரையை ஒட்டி அமைந்த அடித்தளம் அதிட்டானம் எனப்படும். அதன் மேல் எழும் சுவரில், பாதி புதைந்தும் பாதி வெளிப்பட்டும் நிற்பன அரைத்தூண்கள். அவற்றின் இடையே தெய்வ உருவங்களுக்கு இடமளிக்கும் மாடங்கள் தேவகோட்டங்கள். தூணின் உச்சியில் பலகையும், அதன் மேல் இருபுறமும் கை நீட்டியது போன்ற போதிகையும் உள்ளன. போதிகையின் மீது உத்தரம் கிடக்கிறது. உத்தரத்துக்கு மேலே, சுவரைத் தாண்டி வெளியே வளைந்து இறங்கும் உறுப்பு கபோதம். கபோதத்தின் முகப்பில் இடைவெளி விட்டுக் குதிரைலாட வடிவில் அமைந்த அழகிய வளைவுகளுக்குக் கூடு என்று பெயர். அதற்கும் மேலே யாளிகளின் வரிசை ஓடுகிறது.

இனி, இதே உறுப்புகளை ஒரு கூரை வீட்டில் தேடுவோம். மண்சுவருக்கு இடையிடையே நடப்பட்டு, பாதி சுவருக்குள் மறைந்து நிற்கும் மரக்கால்கள்தாம் அரைத்தூண்கள். திண்ணைத் தூணின் தலையில் குறுக்கே பொருத்தப்படும் கட்டை போதிகை. தூண்களை இணைத்துக் கிடக்கும் மரவிட்டம் உத்தரம். மண்சுவரில் மழை படாதவாறு கீற்றும் வைக்கோலும் தழைந்து வளைந்து இறங்கும் இறவாரமே கபோதம். மூங்கிலை வளைத்து வேயும் வண்டிக்கூண்டு போன்ற கூரைக்கு முன்புறத்தில் ஒரு வளைந்த வாய் உண்டு. காற்றும் வெளிச்சமும் அதன் வழியே புகும். அந்த வாயின் வடிவமே கூடு. யாளி வரிசையின் மூலம் இன்னும் நுட்பமானது. மாடி வீட்டில் மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனைகள் சுவருக்கு வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். தச்சர் அம்முனைகளை விலங்கின் தலையாகச் செதுக்கி அழகுசெய்தனர். கல்தச்சர் அவ்வரிசையைக் கல்லில் பெயர்த்தனர்.

கருங்கல்லுக்கு இவற்றுள் பெரும்பாலானவை தேவையே இல்லை. வளைந்த கபோதம் மழைநீரை வடிப்பதற்கு உதவலாம். ஆனால், காற்றுப் புக வழியில்லாத கல்லில் கூடு எதற்கு? சுவரே முழுப் பாரத்தையும் தாங்கும்போது, சுவரோடு ஒன்றாய்ச் செதுக்கப்பட்ட அரைத்தூண் எதைத் தாங்குகிறது? உள்ளே மரச்சட்டம் எதுவும் இல்லாதபோது, வெளியே அதன் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பானேன்? இவ்வினாக்களுக்கு விடை ஒன்றே. கல்லுக்கு வருமுன் கோயில் வேறு பொருள்களால் ஆகியிருந்தது. பொருள் மாறியபோதும் வடிவம் மாறவில்லை.

செங்கல்லும் மரமும் இருந்த காலம்

இது வெறும் ஊகமன்று. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து ஆகிய நான்கும் இன்றி அக்கோயிலை அமைத்ததாக அம்மன்னன் அங்கே பெருமிதத்துடன் பொறித்துள்ளான். ஒரு பொருள் இல்லாமல் கட்டியது பெருமையாகுமெனில், அப்பொருளைக் கொண்டு கட்டுவதே அதுவரை வழக்கம் என்பது தானே விளங்கும். மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கோயில் ஒன்று வெளிப்பட்டது, இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களைக் கண்டவர்களுக்கு மேலும் சான்று தேவைப்படாது. திரௌபதி தேர் எனப்படுவது, நான்கு பக்கமும் சரிந்த கூரையுடைய ஒரு குடிசையை அப்படியே பாறையில் செதுக்கியது. பீமன் தேரின் கூரை வண்டிக்கூண்டு வடிவினது. மராட்டிய மாநிலத்துக் கார்லே குடைவரையிலோ இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே பாறையின் வளைந்த விதானத்தில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பொருத்திய உண்மையான மரச்சட்டங்கள் இன்றும் உள்ளன. அவை எதையும் தாங்கவில்லை; பாறைக்குத் தாங்கல் வேண்டியதும் இல்லை. மரவிலா இல்லாத கூரையைக் கூரையாகக் கருத அக்காலத்தவரின் கண் பழகவில்லை, அவ்வளவே.

10ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசி செம்பியன் மாதேவி, பழைய செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். விருத்தாசலம் கோயில் அவற்றுள் நமக்கு அண்மையில் உள்ளது. திருக்கோடிக்காவில் பழைய கட்டுமானத்தில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தமை, பழையதன் மீது அவர் கொண்ட மதிப்பைக் காட்டும். கல்வெட்டைப் படியெடுத்தது போலவே வடிவத்தையும் படியெடுத்தனர் என்று கூறினால் அது மிகையாகாது.

பாகூர்ச் சமவெளி வண்டல் நிலம். கருங்கல் இல்லாத நிலம். பாறைக் குன்றுகளைக் காண மேற்கே மயிலம், செஞ்சிப் பக்கம் செல்ல வேண்டும். வில்லியனூர், பாகூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் களிமண்ணும் பனையும் தென்னையும் மூங்கிலுமே கைக்கெட்டும் பொருள்கள். அத்தகைய மண்ணில் கருங்கல்லால் கோயில் எழுப்புவது எத்துணை உழைப்பையும் பொருட்செலவையும் வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த கல்லில், கைக்கெட்டிய கீற்றின் வடிவத்தையே செதுக்கினர் என்பதுதான் வியப்பு.

நைல் கரையில் நாணற் கட்டுகள்

கல், மரத்தின் வடிவை ஏற்கும் இவ்வியல்பு நமக்கு மட்டும் உரியதன்று. செதுக்கிய கல்லால் பெருமளவில் எழுப்பப்பட்டவற்றுள் உலகிலேயே மிகப் பழையது எனக் கருதப்படும் வளாகத்திலேயே அதைத் தெளிவாகக் காணலாம். எகிப்தில் சக்காரா என்னுமிடத்தில், பொ.ஆ.மு. 2650ஐ ஒட்டிய காலத்தில், ஜோசர் என்னும் மன்னனுக்காக எழுப்பப்பட்ட படிக்கட்டுப் பிரமிடின் வளாகமே அது. அதை வடிவமைத்தவர் இம்ஹோதெப் என்பது மரபு. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகளுடன் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் எழும் அப்பிரமிடு புகழ்பெற்றது. எனினும் நம் நோக்கத்துக்கு அதைவிட முதன்மையானது, வளாகத்தின் நுழைவுக்கூடம்.

நைல் நாட்டில் நல்ல கட்டட மரம் அரிது. தேவதாரு மரத்தை லெபனான் கடற்கரையிலிருந்து கப்பலில் கொணர்ந்தனர். எளிய மக்கள் நாணலையும் பாப்பிரஸ் கோரையையும் கட்டுக்கட்டாகப் பிணைத்துத் தூணாக நிறுத்தினர். பனை இனத்து மரத்தண்டுகளைக் கூரைக்குக் குறுக்கே பரப்பினர். ஆற்று வண்டலில் வைக்கோல் கலந்து, வெயிலில் உலர்த்திய கல்லால் சுவர் எழுப்பினர். மன்னனின் அரண்மனையும்கூட மண்ணால் ஆனதே. சக்காராவின் நுழைவுக்கூடத்தில் சுண்ணாம்புக் கற்றூண்கள் இரு வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உடல் முழுவதும் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள், நாணற்கட்டின் தண்டுகளைக் காட்டுவன. மேலே கல் விதானத்தின் அடிப்பகுதி, உருண்டையான மரத்தண்டுகளை அடுக்கியது போலச் செதுக்கப்பட்டுள்ளது. வாயிலில் கதவு ஒன்று பாதி திறந்த நிலையில் நிற்கிறது. அது மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது. ஏனெனில் அதுவும் கல்லே. நிலத்தடி அறைகளின் சுவர்களில் நீலப்பச்சை நிறத்துப் பளபளப்பான சிறு ஓடுகளைப் பதித்து, தொங்கவிட்ட கோரைப்பாயின் தோற்றத்தை உண்டாக்கியுள்ளனர்.

இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். அத்தூண்கள் தனித்து நிற்கவில்லை; ஒவ்வொன்றும் ஒரு சிறு குறுக்குச்சுவரால் பின்சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளது. கல்லைத் தனித்தூணாக நிறுத்தினால் நிலைக்கும் என்ற நம்பிக்கை அக்கைவினைஞர்க்கு இன்னும் பிறக்கவில்லை போலும். வளாகத்துச் சுவர்களுக்குப் பயன்படுத்திய கற்களும், பிற்காலப் பிரமிடுகளின் மாபெரும் பாளங்களைப் போலன்றிச் சிறியனவே. புதிய பொருளைக் கையில் எடுத்தும், பழைய பொருளின் அளவையும் அச்சத்தையும் அவர்களால் உடனே விட முடியவில்லை. இம்ஹோதெப்பின் மேதைமையைப் புகழ்வோர் பலர். அந்தத் தயக்கத்தைக் கவனிப்போர் சிலரே. எனக்கு அத்தயக்கமே மிகுந்த உயிர்ப்புடையதாகத் தோன்றுகிறது.

அச்சம் நீங்க நெடுங்காலம் ஆயிற்று. நாணலின் நினைவு மட்டும் நீங்கவேயில்லை. ஜோசருக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின், முதலாம் சேட்டி, இரண்டாம் இராமசேஸ் ஆகிய மன்னர்களின் காலத்தில் உருவான கர்னாக் கோயிலின் பெருமண்டபத்தில் 134 தூண்கள் நிற்கின்றன. நடுவில் உள்ள 12 தூண்கள் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அவற்றின் தலை, விரிந்த பாப்பிரஸ் பூ. சுற்றிலும் உள்ள சிறு தூண்களின் தலை, விரியாத மொட்டு.

தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம்

கர்னாக் மண்டபமாயினும், நம் ஆயிரங்கால் மண்டபங்களாயினும், உள்ளே நுழைவோர்க்கு அடர்ந்த தோப்புக்குள் புகுந்த உணர்வு உண்டாகும். இது கலைஞர் விரும்பி அமைத்த அழகு மட்டுமன்று. கல்லின் இயல்பு விதித்த கட்டாயமும் ஆகும்.

இரு தூண்களின் மீது ஒரு விட்டத்தைக் கிடத்தினால், மேலிருந்து வரும் பாரத்தால் அது நடுவில் வளைய முற்படும். அப்போது விட்டத்தின் மேற்பகுதி நெருக்கப்படும், அடிப்பகுதி இழுபடும். மரத்தின் நார்கள் இழுவையைத் தாங்கும். எனவே மரவிட்டம் சற்று வளைந்தாலும் முறியாது. கல், நெருக்குதலை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுவையைத் தாங்காது. அடிப்பகுதியில் ஒரு கீறல் தோன்றியதும் விட்டம் இரண்டாகிவிடும். எனவே கல் விட்டத்தின் நீளத்தைக் குறைத்தாக வேண்டும். அதாவது, தூண்களை நெருக்கமாக நிறுத்தியாக வேண்டும்.

இங்கேதான் போதிகை தன் பயனைக் காட்டுகிறது. தூணின் தலையிலிருந்து இருபுறமும் நீளும் அது, விட்டத்தைக் கூடுதலான நீளத்துக்குத் தாங்கி, தாங்கலற்ற இடைவெளியைக் குறைக்கிறது. மரவேலையில் தோன்றிய ஓர் உறுப்பு கல்லில் வெறும் நினைவாக எஞ்சாமல், முன்னினும் இன்றியமையாததாக மாறியது. கூட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அது அணியாக மட்டும் நின்றுவிட்டது. பழைய வடிவங்கள் புதிய பொருளுக்குள் புகும்போது சில பயன் இழந்து அழகாகின்றன. சில அழகோடு பயனையும் புதிதாய்ப் பெறுகின்றன. கோயில் ஒன்றைக் காணும்போது இவ்விரண்டையும் பிரித்தறிவது நல்ல பயிற்சி.

எரிந்துபோன தூண்கள்

எகிப்துக்கு வடக்கே, நடுநிலக்கடலுக்கு அப்பால் உள்ளது கிரீட் தீவு. அங்கே மினோவர் என இன்று அழைக்கப்படும் மக்கள், பொ.ஆ.மு. 2000ஐ அடுத்த நூற்றாண்டுகளில் பெரிய அரண்மனைகளை எழுப்பினர். அவற்றுள் பெரியதான நாசஸ் அரண்மனையில், ஆர்தர் எவன்ஸ் 1900ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கினார். நடுவில் ஓர் அகன்ற முற்றம். அதைச் சுற்றிப் பல அடுக்குகளில் அறைகள். வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்கான திறப்புகள். கோட்டை மதில் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

எகிப்தியர் நாணலைக் கல்லாக்கினர். மினோவரோ மரத்தை மரமாகவே வைத்தனர். சைப்ரஸ் மரத்தின் நீண்ட உடலைத் தூணாக நிறுத்தினர். அத்தூண் கீழே சிறுத்தும் மேலே பருத்தும் இருக்கும். உலகின் பிற தூண்களுக்கு நேர்மாறான வடிவம் இது. தலைகீழாக நட்டால் மரம் மீண்டும் துளிர்க்காது என்றும், மேற்பகுதி அகன்றால் பாரத்தைத் தாங்க ஏதுவாகும் என்றும் அதற்கு விளக்கங்கள் கூறப்படுகின்றன. நிலநடுக்கம் மிகுந்த தீவாகையால், கற்சுவர்களுக்கு இடையிலும் மரச்சட்டங்களைப் பொதிந்து கட்டினர். நிலம் அதிர்ந்தால் மரம் அசைந்து கொடுக்கும். ஆனால் தீப்பிடித்தால்? அரண்மனைகள் எரிந்தபோது தூண்களும் சட்டங்களும் கரியாயின. மரத்தை அழித்த அதே தீ, கணக்கெழுதிய களிமண் ஏடுகளைச் சுட்டு உறுதியாக்கியது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த எழுத்து, அவ்வாறு சுடப்பட்டு எஞ்சிய ஏடுகளில் இருந்ததுதான். பச்சை மண் கரையும், சுட்ட மண் நிலைக்கும் என்பது, சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்க் கைவினைஞர்க்குப் புதிய செய்தியன்று.

மரமே எஞ்சாதபோது மினோவர் தூண் தலைகீழ் வடிவினது என்பதை எவ்வாறு அறிந்தோம்? சுவரோவியங்களில் அதன் உருவம் உண்டு. அவற்றினும் உறுதியான சான்று கிரேக்கப் பெருநிலத்தில் உள்ளது. மைசீனி நகரின் கோட்டை வாயிலில், பொ.ஆ.மு. 1250ஐ ஒட்டி அமைக்கப்பட்ட புடைப்புச் சிற்பம் ஒன்று இன்றும் காணப்படுகிறது. எதிரெதிரே நிமிர்ந்து நிற்கும் இரு சிங்கங்களுக்கு நடுவே ஒரு தூண். அது கீழே சிறுத்து மேலே பருத்திருக்கிறது. தூணின் தலைக்கு மேல் சிறு வட்டங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை பூக்கள் அல்ல. கூரையைத் தாங்கும் உருண்டை மரங்களின் வெட்டுமுனைகள். நம் கோயில்களில் யாளித் தலைகளாக மாறிய அதே சட்ட முனைகள், அங்கே மாறாத வட்டங்களாக நிற்கின்றன.

தீரா என்னும் எரிமலைத் தீவில் மரம் தன் சுவட்டை இன்னொரு வகையில் விட்டுச் சென்றுள்ளது. எரிமலை வெடித்து அக்ரோத்திரி நகரைச் சாம்பலால் மூடியது. உள்ளே இருந்த கட்டிலும் மேசையும் காலப்போக்கில் மட்கின. ஆனால் அவற்றைச் சூழ்ந்து இறுகிய சாம்பலில் அவற்றின் வடிவம் வெற்றிடமாக எஞ்சியது. ஆய்வாளர்கள் அவ்வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி, இல்லாத மரத்தின் உருவத்தை மீட்டனர். (மரம் நேராகவே கல்லாவதைக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி எல்லையை அடுத்த திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் மண்ணில் கிடக்கின்றன. அது இயற்கையின் வேலை, தச்சரின் வேலையன்று.)

ஒப்புமை வேறு, உறவு வேறு

இவ்வளவு ஒப்புமைகளைக் கண்டதும், யார் யாரிடம் கற்றனர் என்ற வினா எழுவது இயல்பு. எகிப்தியர் தமிழரிடம் கற்றனர் என்றோ, தமிழர் எகிப்தியரிடம் கற்றனர் என்றோ மேடைகளில் முழங்குவாரும் உளர். காலக்கணக்கே அதை மறுத்துவிடும். ஜோசரின் தூண்களுக்கும் மண்டகப்பட்டுக் குகைக்கும் இடையே 3000 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது. நாணல் வளர்ந்த இடத்தில் நாணலின் வடிவும், மூங்கிலும் கீற்றும் இருந்த இடத்தில் அவற்றின் வடிவும் கல்லில் ஏறின. ஒரே வகையான சிக்கலுக்கு வெவ்வேறு மக்கள் தாமாகவே ஒத்த தீர்வைக் கண்டனர் என்பதே பொருந்தும்.

நெருங்கிப் பழகியவர்கள்கூடத் தத்தம் தூணை விட்டுக்கொடுக்கவில்லை. எகிப்தின் தீப்ஸ் நகரில் உள்ள இரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறை ஓவியத்தில், கிரீட் நாட்டவர் கலங்களை ஏந்தி வரும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. எகிப்தியர் உலர்ந்த சுவரில் ஓவியம் தீட்ட, கிரீட்டார் ஈரச்சாந்தின் மீது தீட்டினர். அந்த ஈரச்சாந்து ஓவியமுறை நைல் கழிமுகத்தில் ஓர் அரண்மனைவரை சென்றுள்ளது. பொருளும் கலைஞரும் கடல் கடந்தனர். ஆயினும் எகிப்தில் தலைகீழ்த் தூண் எழவில்லை. கிரீட்டில் பாப்பிரஸ் தூண் எழவில்லை. வீட்டின் வடிவம் அவ்வளவு எளிதாகக் கப்பலேறுவதில்லை.

நமக்கும் அந்நாடுகளுக்கும் உண்மையான உறவு ஏற்பட்டது மிகப் பிற்காலத்தில், உரோமப் பேரரசின் காலத்தில். அதன் சான்று நம் அருகிலேயே, அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்து 1947 முதல் 1950 வரை கசாலும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு செய்தனர். இத்தாலிய மட்கலங்களும், ஏஜியன் கடலின் கோஸ் தீவைச் சேர்ந்த மதுச்சாடிகளின் துண்டுகளும் அங்கே கிடைத்தன. மறுபுறம், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், இந்தியச் சாடி ஒன்றில் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த கல ஓடும் கிடைத்துள்ளன. அங்குள்ள கட்டடங்களில் இந்தியத் தேக்கும் உள்ளது. பழுதான கப்பல்களைப் பிரித்தெடுத்த மரம் அது என்பர். மரம் அரிதான நைல் நாட்டுக்கு மரம் மிகுந்த நம் நாடு கொடுத்தது, கட்டட வடிவத்தையன்று, கட்டடத்துக்கான மரத்தையே.

அரிக்கமேட்டில் செங்கல் கட்டடங்கள் இருந்தன. வீலர் பண்டகசாலை எனக் கருதிய கட்டடம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுடையது. 1769ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தீ, அப்பகுதி மக்கள் பழைய பெருஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் குறித்துள்ளார். வீடு கட்டச் செங்கல் வேண்டியோர் எடுத்தனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எனினும், கல்லாக மாறும் வாய்ப்புப் பெறாத கட்டடத்துக்கு நேரும் கதி அதுவே. மேலே இருந்த மரமும் கூரையும் முதலில் போயின. பின்னர்ச் செங்கல்லும் போயிற்று.

இன்றைய நிலை

பாகூர் மூலநாதர் கோயிலும் அரிக்கமேடும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பாதுகாப்பில்லாத சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில், திருப்பணியின் பெயரால் கற்றூண்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் பூசுகின்றனர். அதிட்டானத்தைச் சிமெண்டுத் தரைக்குள் புதைக்கின்றனர். சுவரைத் தூய்மை செய்ய மணலை விசையுடன் பீய்ச்சினால், அழுக்கோடு கல்வெட்டின் விளிம்பும் கூட்டின் மெல்லிய இதழ்களும் தேய்கின்றன. அன்பினால் செய்வதே எனினும், இழப்பு இழப்பே.

இன்னோர் இழப்பு ஓசையின்றி நிகழ்கிறது. கூரை வீடுகள் மறைந்து வருகின்றன. அது வருந்தத்தக்கதன்று, தீக்கும் புயலுக்கும் அஞ்சிக் கீற்றுக்கு அடியில் வாழ்ந்தவருக்கு உறுதியான வீடு கிடைப்பது நன்மையே. ஆனால் இறவாரம், வாரை, முகட்டு வளை, விட்டம் முதலிய சொற்களும், அவற்றைக் கட்டும் கைத்திறமும் வீட்டோடு சேர்ந்தே மறைகின்றன. கபோதத்தைப் படிக்க உதவும் அகராதி அதுதான். ஊரில் இன்னும் கூரை வேயத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அவரை மூலநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கல்லில் எந்த உறுப்பு எதற்கு ஒப்பாகும் எனக் கேட்டு, அவர் சொல்லும் பெயர்களை மாணவர் குறித்து வைக்கலாம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் தேர் நிலையில் நிற்கும்போதும் இதைச் செய்யலாம். அங்கே தச்சரின் உளி மரத்திலேயே பேசும்.

நாசஸில் எரிந்துபோன மரத்தூண்கள் சிலவற்றை, எவன்ஸ் 1920களில் கம்பியிட்ட சிமெண்டுக் காரையால் மீட்டமைத்து, மரத்துக்குப் பூசியது போலவே சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். இன்று அக்காரையின் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, அதற்கே பாதுகாப்பு வேண்டியதாயிற்று. நம் ஊர்களில் புதிதாக எழும் கோயில் மண்டபங்களும் கம்பியிட்ட காரையால் ஆனவையே. கம்பி இழுவையைத் தாங்குவதால், அங்கே தூண்கள் நெருங்கி நிற்க வேண்டியதில்லை, போதிகையும் வேண்டியதில்லை. எனினும் தபதிகள் சிமெண்டிலும் போதிகை வைக்கின்றனர்; கபோதத்தை வளைக்கின்றனர்; கூடு ஒன்றையும் தவறாமல் பதிக்கின்றனர்.